புடகத்துக்குள் சாயம் எப்படி அசைகிறது: வன்னி ஆய்வுகூடத்துக்கு எந்த முறை?

வன்னியில், பம்பைமடுப் பல்கலைக்கழக வளாகத்திலோ அறிவியல்நகர் வளாகத்திலோ இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். வேப்பங்கொட்டைச் சாற்றை வயலுக்கு அடித்தால் வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடுகிறது. அதை நுண்ணிய புடகங்களுக்குள், அதாவது கண்ணுக்குத் தெரியாத பைகளுக்குள், அடைத்துத் தெளித்தால் சில நாள் கூட நின்று வேலை செய்யுமா என்பது அவருடைய யோசனை. யோசனையில் பிழையில்லை. வேம்பின் முக்கிய பொருளான அசாடிராக்டின் ஒளியில் சிதையும் என்பது தெரிந்த விடயம். ஆனால் அது 217 நனோமீற்றரை ஒட்டிய புற ஊதாக் கதிரைத்தான் நன்றாக உறிஞ்சுகிறது. கலங்கலான கரைசலொன்றில் அந்த இடத்தில் அளவெடுப்பது தலைவலி. ஆகவே அசாடிராக்டினுக்குப் பதிலாக ஒரு சாயத்தை உள்ளே அடைத்து, அந்தச் சாயத்தின் அசைவைப் பார்ப்போம் என்று வருகிறார். கையில் நாலைந்து ஆய்வுக் கட்டுரைகள். எல்லாவற்றிலும் லேசர், கொன்ஃபோக்கல் நுணுக்குக்காட்டி, பைக்கோசெக்கன் கருவிகள். "சேர், நாங்கள் இதில எதைச் செய்யலாம்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நூறு நனோமீற்றர் அளவுப் புடகத்துக்கு விலை கூடிய நுணுக்குக்காட்டி முறைகள் பெரும்பாலும் பொருந்தாது. அது பணம் இல்லாததால் வந்த சமாதானம் அல்ல, பௌதிகம் அப்படி. சாயத்தை ஒரு நிற ஒளியால் தூண்டி, அது திருப்பி விடும் வேறு நிற ஒளியை அளக்கும் சாதாரண புளோரொளிர்வுமானி ஒன்று கிடைத்தால் அதில் செய்யக்கூடிய கசிவு அளவீடுதான் முதல் தெரிவு.

முதலில் புடகம் பற்றிக் கொஞ்சம். சவர்க்கார இனத்து மூலக்கூறுகளுக்கு நீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. தலையின் பரப்பு, வாலின் கனவளவு, வாலின் நீளம் ஆகிய மூன்றையும் வைத்து இஸ்ரேலாஷ்விலியும் கூட்டாளிகளும் 1976 இல் ஓர் எண்ணைத் தந்தார்கள். கனவளவைத் தலைப் பரப்பாலும் நீளத்தாலும் பிரித்தால் வருவது அது. மூன்றில் ஒன்றுக்குக் கீழே என்றால், வால்கள் உள்ளே ஒதுங்கிய உருண்டையான திரள், அதாவது மைசெல். அரைக்கும் ஒன்றுக்கும் இடையில் என்றால் இரட்டைப் படை. அந்தப் படை வளைந்து மூடினால் நடுவில் நீர் சிறைப்பட்ட புடகம். லெசிதின் போன்ற கொழுப்பால் ஆனவை லிப்போசோம்கள். 1960களில் பாங்ஹாம் காட்டியவை. ஏற்றமில்லாத மேற்பரப்புச் செயலியும் (மேலே சொன்ன சவர்க்கார இன மூலக்கூறு) கொலஸ்ட்ரோலும் சேர்ந்து தருபவை நியோசோம்கள். 1970களில் அழகுசாதன நிறுவனமான லொரேயால் உருவாக்கியவை. அப்படியான செயலிகளில் ஒன்றான ஸ்பான் 60 மலிவு, பிரிஜ்ஜுக்குள் வைக்காமலும் கெடாது, ஒட்சியேற்றத்துக்குப் பயப்படத் தேவையில்லை. எங்கள் வெப்பத்துக்கு லிப்போசோமைவிட நியோசோமையே நான் பரிந்துரைப்பேன். அதில் பெரிய விவாதம் வேண்டாம்.

விவாதம் வேண்டிய இடம் அசைவு. ஒரே சாய மூலக்கூறு ஒரே புடகத்தில் நான்கு விதமாக அசைகிறது. அவற்றின் கால அளவுகள் ஒன்றோடொன்று கிட்டவும் வராது.

முதலாவது, தன்னைத்தானே சுற்றுவது. ரோடமீன் 6ஜி போன்ற சாயம் நீரில் ஒரு நனோசெக்கனுக்குள் திரும்பிவிடும். இரட்டைப் படைக்குள் அகப்பட்டால் சில நனோசெக்கன் எடுக்கும். இரண்டாவது, நடுவிலுள்ள நீர்க்குளத்துக்குள் அலைவது. ரோடமீன் 6ஜியின் பரவல் குணகம் (எவ்வளவு விரைவாக அலையும் என்பதைச் சொல்லும் எண்) 25 பாகை நீரில் செக்கனுக்கு ஏறத்தாழ 400 சதுர மைக்ரோமீற்றர். 50 நனோமீற்றர் ஆரையுள்ள புடகத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சில மைக்ரோசெக்கன் போதும். மூன்றாவது, படையின் தளத்திலேயே நழுவிப் புடகத்தைச் சுற்றி வருவது. திரவ நிலையிலுள்ள படையில் குணகம் செக்கனுக்கு 1 முதல் 10 சதுர மைக்ரோமீற்றர் வரை. 4 என்று எடுத்தால் மறுபக்கம் போய்ச் சேர ஒரு மில்லிசெக்கன் அளவு. நான்காவது, படையைக் கடந்து வெளியே வருவது. இதற்கு நிமிடங்கள், மணித்தியாலங்கள், சில வேளை நாட்கள்.

நனோசெக்கனிலிருந்து நாள் வரை பதின்மூன்று, பதினான்கு பத்தின் அடுக்கு வித்தியாசம். எந்தக் கருவியும் இந்த முழு நீளத்தையும் பார்க்காது. மருந்தையோ வேப்பஞ்சாற்றையோ அடைத்து வைக்க நினைப்பவருக்கு முதலில் வேண்டியது நான்காவது அசைவு. மற்ற மூன்றும் அந்த நான்காவது ஏன் விரைவாக அல்லது மெதுவாக நடக்கிறது என்பதற்கான விளக்கம் மட்டுமே. இதைத் தெளிவாக்காமல் கருவி தேடப் போனால் ஆறு மாதம் போய்விடும்.

இனி, எல்லோரும் ஆசைப்படும் இரண்டு முறைகள்.

ஒன்று, புளோரொளிர்வு ஒட்டுறவு நிறமாலையியல், சுருக்கமாக எஃப்சிஎஸ். 1972 இல் மாக்ட், எல்சன், வெப் ஆகியோர் தந்தது. லேசரைக் கால் மைக்ரோமீற்றர் ஆரையளவு புள்ளியாகக் குவித்து, அந்தப் புள்ளிக்குள் மூலக்கூறுகள் வந்துபோகும்போது ஒளி எப்படித் துடிக்கிறது என்று பார்ப்பார்கள். சுதந்திரமான ரோடமீன் 6ஜி அந்தப் புள்ளியைக் கடக்க 40 மைக்ரோசெக்கன் எடுக்கும். நூறு நனோமீற்றர் விட்டமுள்ள புடகம் தானே நீரில் அலையும் குணகம் செக்கனுக்கு ஏறத்தாழ 5 சதுர மைக்ரோமீற்றர். அது கடக்க 3 மில்லிசெக்கன். சாயம் புடகத்துக்குள் இருந்தால் கருவி காட்டுவது இந்த 3 மில்லிசெக்கனைத்தான். ஏ9 வீதியோரம் நின்று பார்ப்பவருக்குப் பேருந்து போவது தெரியும். பேருந்துக்குள் பயணி முன் இருக்கையிலிருந்து பின் இருக்கைக்கு நடந்தாரா என்று தெரியாது. புடகம் லேசர்ப் புள்ளியைவிடச் சிறியது. உள்ளே சாயம் எங்கு போனாலும் புள்ளிக்குள்ளேதான் இருக்கிறது. ஒளி துடிக்க வழியில்லை.

இதைச் சொன்னதும் சிலர் எஃப்சிஎஸ் பயனற்றது என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. எத்தனை பங்கு சாயம் சுதந்திரமாகவும் எத்தனை பங்கு புடகத்தோடும் இருக்கிறது என்று பிரித்துக் காட்ட அதைவிட நல்ல முறை குறைவு. 40 மைக்ரோசெக்கனும் 3 மில்லிசெக்கனும் ஒன்றையொன்று மறைக்காது. ஆனால் "புடகத்துக்குள் அசைவு" என்ற தலைப்பில் அதைப் போட்டால் பரீட்சகர் கேட்கும் முதல் கேள்வியிலேயே தலைப்பு விழுந்துவிடும்.

மற்றது ஒளிவெளிறலின் பின்னான மீட்சி; ஃபிராப். 1976 இல் ஆக்செல்ரொட் குழுவினர் அதன் கணிதத்தை ஒழுங்காக எழுதினார்கள். வலுவான லேசரால் ஒரு வட்டத்தில் உள்ள சாயத்தை வெளிறச் செய்து, சுற்றியிருக்கும் சாயம் வந்து நிரப்ப எவ்வளவு நேரம் என்று அளப்பது. ஒரு மைக்ரோமீற்றர் ஆரை வட்டத்தில், குணகம் 1 என்றால் பாதி மீட்சிக்கு 0.22 செக்கன். நேர்த்தியான முறை. ஆனால் நூறு நனோமீற்றர்ப் புடகத்தில் வட்டம் வெட்டினால் புடகம் முழுவதும் வெளிறிப் போகும். நிரப்ப வருவது வேறு புடகம். ஃபிராப் வேண்டுமானால் பத்து மைக்ரோமீற்றர் அளவு இராட்சதப் புடகம் செய்ய வேண்டும். படையிலுள்ள சாயத்துக்கு அது நன்றாக வேலை செய்யும். நடு நீரிலுள்ள சாயத்துக்கோ அப்போதும் சிரமம்: 5 மைக்ரோமீற்றர் ஆரையைச் சாயம் பத்து மில்லிசெக்கனில் கடந்துவிடும், சாதாரண கொன்ஃபோக்கல் ஒரு படம் எடுத்து முடிக்க அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். தவிர, வயலில் தெளிக்கப் போகும் புடகம் இராட்சத அளவு அல்ல. அளந்தது ஒன்று, பயன்படுத்தப் போவது இன்னொன்று என்றாகும்.

இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டால் மிஞ்சுபவை ஒரு சாதாரண புளோரொளிர்வுமானியில் செய்யக்கூடியவை. அதாவது அளவைப் பற்றிக் கவலைப்படாமல் மூலக்கூறின் பக்கத்துச் சூழலைக் கேட்டு அறியும் முறைகள்.

முனைவாக்கத்தை வைத்து அளக்கும் அனைசோட்ரொப்பி முதலாவது. ஃபிரான்சிஸ் பெரான் 1926 இல் எழுதிய சமன்பாடு இன்னும் அப்படியே பயன்படுகிறது. நேர்முனைவாக்கிய ஒளியால், அதாவது ஒரே திசையில் மட்டும் அதிரும் ஒளியால், சாயத்தைத் தூண்டுகிறோம். ஒளியை வெளிவிடும் முன் மூலக்கூறு திரும்பிவிட்டால் முனைவாக்கம் குலையும், திரும்பாவிட்டால் நிற்கும். டிபிஎச் என்ற கோல் வடிவ மூலக்கூறு இதற்குப் பழைய நண்பன். நீரில் ஒளிராது, படைக்குள் போனால்தான் ஒளிரும்; 360 நனோமீற்றரில் தூண்டி 430 இல் பார்க்கலாம். அசையாத நிலையில் அதன் பெறுமானம் 0.36 அளவு, ஒளிர்வு ஆயுள் 8 நனோசெக்கன் என்று வைத்தால், கருவி 0.12 காட்டும்போது சுழல் நேரம் 4 நனோசெக்கன், 0.30 காட்டும்போது 40 நனோசெக்கன். ஸ்பான் 60 நியோசோம் அறை வெப்பத்தில் இரண்டாவது எண்ணின் பக்கமே நிற்கும். ஏனெனில் அதன் பதினெட்டுக் காபன் வால்கள் 50 பாகையைத் தாண்டும்வரை இறுகிய ஜெல் நிலையில்தான் இருக்கும். ஸ்பான் 80 இன் வாலில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் அது எங்கள் சித்திரை வெயிலுக்கு முன்பே இளகிவிட்டது. கொலஸ்ட்ரோல் சேர்த்தால் இளகியது இறுகும், இறுகியது கொஞ்சம் இளகும். அனைசோட்ரொப்பி இரண்டையும் காட்டும்.

இதன் குறை என்னவென்றால், படைக்குள் டிபிஎச் முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, ஒரு கூம்புக்குள் தள்ளாடுகிறது. எண் உயர்ந்தால் தள்ளாட்டம் மெதுவானதா, கூம்பு ஒடுங்கியதா என்று நிலையான ஒளியில் எடுத்த அளவீடு பிரித்துச் சொல்லாது. அதைப் பிரிக்கப் பைக்கோசெக்கன் லேசர் வேண்டும். ஒப்பீடாக மட்டும் எழுதினால் போதும்: "கொலஸ்ட்ரோல் கூடக் கூட இவ்வளவு மாறியது" என்று. இன்னொன்று, கலங்கல். புடகக் கரைசல் ஒளியைச் சிதறடிக்கும். சிதறிய ஒளி முனைவாக்கம் மாறாமல் உணரிக்குள் புகுந்தால் பெறுமானம் பொய்யாக ஏறும். தூண்டும் அலைநீளத்தில் உறிஞ்சளவு 0.1 க்குக் கீழே வரும்வரை ஐதாக்குங்கள். சாயம் போடாத புடகத்தையும் அதே அமைப்பில் அளந்து கழியுங்கள்.

(பழைய எல்சிடி திரையிலிருந்து முனைவாக்கித் தாளை உரித்துச் சொந்தமாகக் கருவி செய்ய ஆசைப்படும் பிள்ளைகள் இருப்பார்கள். பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாள்கள் பொதுவாகப் புற ஊதாவை விடா. டிபிஎச்சை மறந்துவிட்டு, பச்சை எல்ஈடியும் நைல் ரெட் என்ற சாயமும் வைத்து முயற்சி செய்யுங்கள்.)

முனைவாக்கி இல்லாத கருவியா? பைரீன் இருக்கிறது. இதை நம் பக்கத்தில் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கல்லா, சாக்மன் இருவரும் 1974 இல் காட்டிய வழி. தனியாக இருக்கும் பைரீன் 375 முதல் 395 நனோமீற்றர் வரை ஒளிரும். தூண்டப்பட்ட ஒன்று அணையும் முன் இன்னொரு பைரீனை முட்டினால் இரண்டும் சேர்ந்து 470 ஐ ஒட்டி அகலமான நீல ஒளியைத் தரும். படைக்குள் எவ்வளவு விரைவாக நழுவுகிறதோ அவ்வளவுக்கு முட்டல் கூடும். எனவே இரண்டு உச்சிகளின் விகிதம் மூன்றாவது அசைவின் அளவுகோல். நுணுக்குக்காட்டி வேண்டாம், இராட்சதப் புடகம் வேண்டாம், நூறு நனோமீற்றர் தாராளமாகப் போதும். எஃப்சிஎஸ் செய்யமுடியாததை ஒரு விகிதம் செய்கிறது. கரைந்திருக்கும் ஒட்சிசன் ஒளிர்வைத் தணிப்பதால் நைதரசன் குமிழ விட வேண்டும். எல்லா மாதிரியிலும் பைரீனுக்கும் செயலிக்கும் உள்ள விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். ஜெல் நிலையில் பைரீன் ஒதுங்கிக் கூட்டமாகச் சேரும், அப்போது விகிதம் உயர்வதைப் பார்த்து "விரைவாக நழுவுகிறது" என்று எழுதிவிடக் கூடாது. ஆகவே பைரீனை ஸ்பான் 80 போன்ற இளகிய படைக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

இப்போது கசிவு. நான் நேரம் எடுத்துப் பேச விரும்புவது இதைப் பற்றித்தான்.

கல்சீன் சாயத்தை 70 மில்லிமோலர் அளவில் கரைத்து அதற்குள் புடகத்தை உருவாக்கினால், உள்ளே அடைபட்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று தணித்து மங்கிப்போகும். வெளியே கசிந்து ஐதாகும்போது பச்சையாக ஒளிரும். 495 இல் தூண்டி 515 இல் பார்க்கிறோம். அடைபடாத சாயத்தை முதலில், அளவைப் பார்த்துப் பிரிக்கும் செபடெக்ஸ் ஜி-50 நிரல் வழியாகக் கழிக்க வேண்டும். முடிவில் ட்ரைட்டன் எக்ஸ்-100 என்ற சவர்க்கார இனப் பொருளைச் சில துளி விட்டுப் புடகங்களையெல்லாம் உடைத்தால் வரும் ஒளி நூறு சதவீதம். ஆரம்ப ஒளியை இரண்டிலிருந்தும் கழித்து விகிதம் எடுத்தால் எந்த நேரத்திலும் எத்தனை சதவீதம் கசிந்தது என்று தெரியும். வெயின்ஸ்டைன் குழு 1977 இல் காபொக்சிபுளோரசீனை வைத்துத் தொடங்கிய வழி இது; அந்தச் சாயத்தின் ஒளி நடுநிலைக்குக் கிட்டவே பீஎச்சோடு ஆடும், கல்சீன் அப்படி ஆடாது என்பதால் நான் கல்சீனுக்குத்தான் போவேன்.

இந்த அளவீட்டிலிருந்து வெறும் சதவீதத்தோடு நிற்க வேண்டியதில்லை. கசிவின் அரைவாழ்வு, புடகத்தின் ஆரையைப் படையின் ஊடுபுகவிடும் தன்மையால் பிரித்து 0.23 ஆல் பெருக்கினால் வருவது. உதாரணத்துக்கு ஊடுபுகவிடும் தன்மை செக்கனுக்கு 10⁻¹⁰ சென்ரிமீற்றர், ஆரை 50 நனோமீற்றர் என்றால் அரைவாழ்வு 3.2 மணித்தியாலம். ஆரை இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கும். அதாவது அளவு தெரியாத புடகத்தின் கசிவு வேகத்தை வேறு ஒருவருடைய எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒளிச்சிதறல் கருவி கையிலில்லாவிட்டால், நூறு நனோமீற்றர்த் துளையுள்ள பொலிகாபனேற்று வடி வழியாகச் சூட்டோடு பலமுறை அழுத்தி எடுங்கள். அளவு ஓரளவு கட்டுக்குள் வரும்.

இனி நம்முடைய ஊருக்கே உரிய விடயம். வவுனியாப் பக்கத்துக் கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்க மறுப்பது வீட்டில் துணி துவைக்கும் எவருக்கும் தெரியும். கல்சியமும் மக்னீசியமும் கூடிய கடின நீர். நியோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க டைசெற்றைல் பொசுபேற்று என்ற மறையேற்றப் பொருளைக் கொஞ்சம் சேர்ப்பது வழக்கம். அந்த மறையேற்றத்தைக் கல்சியம் பிடித்துக்கொள்ளும். புடகங்கள் திரளும், சில உடையும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு கிழமை நின்ற புடகம் விவசாயியின் தெளிகருவித் தாங்கியில், கிணற்று நீரில், எத்தனை மணித்தியாலம் நிற்கும்? இந்தக் கேள்வியைக் கேட்க இங்கிருப்பவரைவிடப் பொருத்தமானவர் யார்? வடித்த நீர், கிணற்று நீர், குளத்து நீர் மூன்றிலும் கல்சீன் கசிவை அளந்தால் நல்ல ஆய்வு ஒன்று கைக்குள் இருக்கிறது.

ஆனால் அதில் இரண்டு குழிகள். 70 மில்லிமோலர் கல்சீனும் அதன் சோடியம் அயன்களும் சேர்ந்து புடகத்துக்குள் பெரிய பிரசாரண அமுக்கத்தை வைத்திருக்கின்றன. அதைத் தூக்கி வெறும் கிணற்று நீரில் போட்டால் நீர் உள்ளே பாய்ந்து புடகம் வீங்கிக் கிழியும். பழி கல்சியத்தின் தலையில் விழும். கிணற்று நீரில் அளவான குளுக்கோசைக் கரைத்து உள்ளும் வெளியும் சமமாக்கிய பிறகுதான் சாயப் புடகத்தை விட வேண்டும். அடுத்தது, இரும்பு, செம்பு, கோபாற்று அயன்கள் கல்சீனின் ஒளியைத் தணிக்கும். நீரில் இரும்பு இருந்தால் கசிந்த சாயம் கசியாதது போலத் தெரியும். அதே நீரில் புடகமில்லாத கல்சீனை விட்டு ஒளி குறைகிறதா என்று முதலில் பாருங்கள். குறைந்தால் திருத்தம் போடலாம்.

தணிக்கும் குணத்தையே கருவியாக்கவும் முடியும்: மங்காத அளவு கல்சீனை உள்ளே அடைத்து, வெளியே கோபாற்றுக் குளோரைட்டைப் போட்டால் வெளியேயுள்ள சாயம் மட்டும் அணையும், நிரல் கட்டும் வேலை மிச்சம். பிரசாரணச் சிக்கலும் குறையும். கோபாற்று நச்சு, தவிரவும் அது மறையேற்றப் படையில் ஒட்டும் என்பதால் டைசெற்றைல் பொசுபேற்று சேர்த்த புடகத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

வேம்புக்குத் திரும்பினால், கல்சீனின் மூலக்கூற்றுத் திணிவு 622, அசாடிராக்டினுடையது 720. அளவில் கிட்டத்தட்டச் சமம், குணத்தில் இல்லை. கல்சீன் பல மறையேற்றம் சுமப்பது, எண்ணெய்ப் படையைக் கண்டாலே விலகி நிற்கும். அசாடிராக்டினுக்கு ஏற்றமில்லை, படைக்குள் ஒரு பங்கு தங்கும், கல்சீனைவிட விரைவாகக் கடந்தும் விடலாம். எனவே கல்சீன் தரும் அரைவாழ்வு "சுவர் உடையாமல் நின்றதா" என்பதற்கான பதில். வேம்பு எப்போது வெளியேறும் என்பதற்கு அதை அப்படியே எடுத்து எழுதக் கூடாது. ஏற்றமற்ற சாயமான நைல் ரெட்டைப் பக்கத்தில் ஒன்று வைத்துக்கொண்டால் இரண்டு எல்லைகளும் கிடைக்கும்.

புளோரொளிர்வுமானியே இல்லை, கட்புல ஒளிக்கான ஸ்பெக்ரோபோட்டோமீற்றர் மட்டும்தான் என்றால் மெதிலீன் நீலமும், சாயத்தை விட்டுப் புடகத்தை மறிக்கும் டயாலிசிஸ் பையும். வெளி நீரை நேரத்துக்கு நேரம் எடுத்து 664 நனோமீற்றரில் உறிஞ்சளவு பார்ப்பது. மலிவு, பாடசாலை உயர்தர வகுப்பிலும் காட்டலாம். ஆனால் சாயம் கடப்பது இரண்டு சுவர்களை: புடகத்தின் படை, பிறகு பை. பையைக் கடக்கும் நேரம் பல வேளை கூடுதலாக இருக்கும், வரைபு காட்டுவது பையின் குணமாகிவிடும். சுதந்திரச் சாயத்தை மட்டும் பையில் போட்ட ஓட்டம் ஒன்று பக்கத்தில் இல்லாத டயாலிசிஸ் வரைபை நான் நம்புவதில்லை. மெதிலீன் நீலம் நேரேற்றம் உள்ளது, மறையேற்றப் புடகத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே வரவே மறுக்கும். அதையும் "மெதுவான வெளியேற்றம்" என்று கொண்டாடிய அறிக்கைகளைப் பார்க்கலாம்.

சாயத் தெரிவில் இரண்டு எச்சரிக்கை. மஞ்சளிலிருந்து குர்க்குமின் எடுக்கலாமே, அதுவும் ஒளிருமே என்று ஆசை வரும். படைக்குள் நன்றாக ஒளிரும், உண்மை. ஆனால் நடுநிலை நீரில், 37 பாகையில், அரை மணித்தியாலத்துக்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். ஒளி குறைந்தது கசிவாலா சிதைவாலா என்று பிரிக்கவே ஆய்வு முடிந்துவிடும். ரோடமீன் பி இன்னொரு பொறி: ஒவ்வொரு பாகை வெப்ப ஏற்றத்துக்கும் அதன் ஒளி ஏறத்தாழ 2 சதவீதம் இறங்கும். காலை 27, பிற்பகல் 33 என்று ஏறும் அறையில், ஒன்றும் கசியாமலே பத்துச் சதவீதத்துக்கு மேல் மாற்றம் காட்டும். ரோடமீன் 6ஜிக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

புடகத்தை உருவாக்கும் வழியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. குளோரோபோமில் கரைத்துப் படலமாக உலர்த்தி 60 பாகை நீரில் ஊறவைப்பது நல்ல வழி; வெற்றிடப் பம்பு ஓடும்போது கரண்ட் நின்றால் அன்றைய வேலை போனது. எதனோல் உட்செலுத்தும் முறையில் அந்தப் பயமில்லை, எதனோலை முழுதும் அகற்றினால் சரி. நேரேற்ற, மறையேற்றச் செயலிகளைக் கலந்தால் தானாகவே புடகம் உருவாகும் என்று 1989 இல் கேலர் குழு காட்டியது; செய்வது மிக எளிது. ஆனால் அதில் எதிரேற்றச் சாயம் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சம அளவில் கலந்தால் வீழ்படிவாகும், கடின நீரில் மறையேற்றப் பங்கு கல்சியத்தோடு போய்விடும். கிணற்று நீர் ஆய்வுக்கு அது வேண்டாம். இதற்கெனச் சீற்றேபி என்ற நேரேற்றச் செயலியின் கரைசல் செய்பவர் ஒன்றைக் கவனிக்கலாம்: வெளியே வெயிலில் தெளிவாக இருந்தது குளிரூட்டிய அறைக்குள் வைத்ததும் பளிங்காகி அடியில் படியும். அது பழுதல்ல; அதன் கரைவெப்பம் 25 பாகையை ஒட்டியது, சற்றுச் சூடாக்கினால் திரும்பக் கரையும்.

கடைசியாக, "மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பி அளந்தால் என்ன?" என்ற கேள்வி. வவுனியாவிலிருந்து கொழும்பு வீதி வழியே சுமார் 250 கிலோமீற்றர், பேருந்தில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். மேலே சொன்ன 3.2 மணித்தியால அரைவாழ்வுப் புடகம் அங்கே இறங்கும்போது உள்ளே கால்வாசிச் சாயமே மிஞ்சியிருக்கும். வழியில் வெப்பமும் குலுக்கலும் செய்வது வேறு. கசிவு அளவீடு செய்த இடத்திலேயே, செய்த அன்றே முடிய வேண்டியது. டிபிஎச், பைரீன் மாதிரிகள் அப்படியல்ல. சாயம் படைக்குள்ளேயே வாழ்வதால் வெளியேறிப் போகும் கவலை குறைவு, வெளிச்சம் படாமல் சுற்றி, போன பிறகு புடகத்தின் அளவை மீண்டும் பார்த்தால் அனுப்பலாம். மேலே சொன்ன பைக்கோசெக்கன் லேசர் உள்ள நேரப் பகுப்புக் கருவிக்கு அனுப்புவதானாலும் அனுப்ப வேண்டியது இவற்றைத்தான்.

எனவே அந்த மாணவிக்கு நான் போட்டுக் கொடுக்கும் ஒழுங்கு இது: ஸ்பான் 60, கொலஸ்ட்ரோல், சிறிதளவு டைசெற்றைல் பொசுபேற்று. கல்சீன் கசிவு, குளுக்கோசால் சமப்படுத்திய மூன்று வகை நீரில், இங்கேயே. அது முடிந்து, எந்த நீரில் சுவர் தளர்ந்தது என்று தெரிந்த பிறகு, அந்த நீரில் மட்டும் டிபிஎச் அனைசோட்ரொப்பி. ஸ்பான் 80 ஐ ஒப்பீட்டுக்குச் சேர்க்க நேரம் கிடைத்தால் பைரீன். நுணுக்குக்காட்டி கேட்டுக் கடிதம் எழுதுவதை முதுமாணிக்கு வைத்துக்கொள்ளலாம்; அப்போதும் இராட்சதப் புடகம் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு.